பாதிப் பாக்கெட் பென்னேயும் மலிவான ஒயினும்

கேள்வி: வீட்டில் 300 கிராம் பென்னே பாஸ்தா, ஒரு டின் தக்காளி, பால், வெண்ணெய், கொஞ்சம் சீஸ் இருக்கின்றன. இரவு நான்கு பேர் சாப்பிட வேண்டும். ஓவனில் பாஸ்தா செய்தால் எனக்கு எப்போதும் வறண்டுபோகிறது. என்ன செய்வது? கூடவே அதிகம் செலவில்லாத ஒயின் எது?

பதில்: இருப்பதே போதும், ஒயினுக்கு மட்டும் கடைக்குப் போய் வாருங்கள். தென் இத்தாலிய வீடுகளின் ஞாயிற்றுக்கிழமைச் சமையலான 'பாஸ்தா அல் ஃபோர்னோ' என்ற ஓவன் பாஸ்தாவில் அவித்த முட்டை, சலாமித் துண்டு, பொரித்த கத்தரிக்காய் என்று வீட்டில் இருப்பதெல்லாம் உள்ளே போகும். அளவு பிசகக்கூடாத இடம் சாஸ் ஒன்றுதான்.

ஓவனுக்குள் போன பிறகும் பாஸ்தா ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். நாம் வழக்கமாகக் கலக்கும் சாஸ் அதற்குப் போதாது, அதனால்தான் வறள்கிறது. பாக்கெட்டில் 11 நிமிடம் என்றிருந்தால் 8 நிமிடத்தில் வடித்துவிடுங்கள். வடித்த நீரில் ஒரு குவளை எடுத்து வையுங்கள்.

400 கிராம் தக்காளி டின்னை ஆலிவ் எண்ணெய், பூண்டுடன் கால் மணி நேரம் கொதிக்க விடுங்கள். வேறொரு பாத்திரத்தில் 40 கிராம் வெண்ணெயை உருக்கி, அதே எடை மைதாவைப் போட்டு, சிறு தீயில் பச்சை வாசனை போகும்வரை கிளறுங்கள். 600 மில்லி பாலைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கட்டியில்லாமல் கரையுங்கள். கரண்டியின் முதுகில் மெல்லிய படலமாக ஒட்டினால் போதும், இறக்கிவிடலாம். உப்பும், இருந்தால் துளி ஜாதிக்காயும் சேருங்கள்.

எல்லாவற்றையும் பாதி சீஸுடன் கலந்து பாருங்கள். பாஸ்தாவைக் கரண்டியால் ஒதுக்கினால் அடியில் சாஸ் தேங்கி நிற்க வேண்டும். இறுகித் தெரிந்தால் வடித்த நீரை ஊற்றித் தளர்த்துங்கள். 'இவ்வளவு தண்ணீராகவா?' என்று பயம் வரும், வரட்டும். மீதி சீஸையும் ரொட்டித் தூளையும் மேலே தூவி, 200 டிகிரியில் முதல் 15 நிமிடம் அலுமினியத் தாளால் மூடியும் அடுத்த 10 நிமிடம் திறந்தும் வேகவிடுங்கள். வெளியே எடுத்த பின் 10 நிமிடம் தொடாதீர்கள். மொறுமொறுப்பான மூலைத் துண்டு யாருக்கு என்பதை அதற்குள் பேசி முடித்துக்கொள்ளலாம்.

ஒயினில் விலையைவிடப் புளிப்பைத்தான் பார்க்க வேண்டும். தக்காளியின் புளிப்புக்கு முன் புளிப்பில்லாத ஒயின் சப்பென்று ஆகிவிடும். மலிவில் என் முதல் தேர்வு 'மோன்டேபுல்சியானோ தா'ப்ருட்ஸோ' என்ற இத்தாலியச் சிவப்பு ஒயின். 'வினோ நோபிலே தி மோன்டேபுல்சியானோ' என்ற பாட்டிலை அதுவென்று எடுத்துவிடாதீர்கள். அது டஸ்கனியில் வேறு திராட்சையில் செய்வது, பெரும்பாலும் விலையும் கூடுதல். பார்பேரா என்ற சிவப்பு ஒயினும் நன்றாகப் பொருந்தும்; துவர்ப்பு குறைவு, புளிப்பு அதிகம். பரோலோ போன்ற விலை கூடிய ஒயினெல்லாம் இந்த உணவுக்கு வீண் செலவு.

தக்காளியை விட்டுவிட்டு வெள்ளை சாஸ் மட்டும் என்றால், டியூனாவோ பசலைக்கீரையோ சேர்த்து, ஒயினைச் சோவாவே என்ற வெள்ளை ஒயினுக்கு மாற்றுங்கள்.

மலிவான சிவப்பு ஒயினை அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துப் பரிமாறுங்கள். வெதுவெதுப்பில் தூக்கலாகத் தெரியும் ஆல்கஹால் நெடி அடங்கும். நாளுக்கு ஒரு கிளாஸ்தான் குடிப்பீர்கள் என்றால் உள்ளே பையும் குழாயும் உள்ள பெட்டி ஒயினே லாபம். திறந்த பாட்டில் இரண்டு மூன்று நாளில் கெட்டுவிடும், பெட்டியோ சில வாரம் தாங்கும்.