ஹுவா ஹின் கடற்கரையில் குடியேற மடிப்பாக்கம் வீட்டை விற்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 61, மனைவிக்கு 57. தனியார் நிறுவனப் பணியிலிருந்து சென்ற ஆண்டு ஓய்வு பெற்றேன். மடிப்பாக்கத்தில் 2006-ஆம் ஆண்டு 22 லட்சம் ரூபாய்க்கு வாங்கிய அடுக்குமாடி வீடு இன்று 95 லட்சத்துக்குப் போகும். வங்கி வைப்புகளில் 1.10 கோடியும் மியூச்சுவல் ஃபண்டில் 60 லட்சமும் உள்ளன. மாதம் 50,000 ரூபாய் செலவாகிறது. மகள் பெங்களூரில் குடும்பத்துடன் இருக்கிறாள். தாய்லாந்தின் ஹுவா ஹின் நகருக்கு இருமுறை சென்று வந்தோம். கூட்டமில்லாத கடற்கரை, நிதானமான வாழ்க்கை, 50,000 பாட் இருந்தால் இருவரும் வசதியாக மாதத்தை ஓட்டிவிடலாம் என்கிறார்கள். வீட்டை விற்றுவிட்டு அங்கேயே குடியேறிவிடலாமா?

பதில்: பாங்காக்கிலிருந்து தெற்கே ஏறத்தாழ 200 கிலோமீட்டரில், தாய்லாந்து வளைகுடாவை ஒட்டியிருக்கும் அந்த ஊர் அரச குடும்பத்தின் கோடை வாசத்தலமாக வளர்ந்தது. ஞாயிறு மாலைகளில் எலியட்ஸ் கடற்கரையில் நடக்க இடம் தேடும் நம்மவர்களுக்கு அந்த அமைதி பிடித்துப்போவதில் வியப்பில்லை. உங்கள் ஆசையில் நான் குறை காணவில்லை. ஆனால், வீட்டை விற்றுவிட்டுப் போவது என்ற பகுதியை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். மாதச் செலவு எவ்வளவு என்று கேட்டு வைத்திருக்கிறீர்கள். அந்தச் செலவு எந்த நாணயத்தில் ஆகிறது, உங்கள் வருமானம் எந்த நாணயத்தில் வருகிறது என்பதைக் கேள்வியில் தொடவேயில்லை.

2010-ஆம் ஆண்டு ஒரு பாட் வாங்க ஏறத்தாழ 1 ரூபாய் 45 காசு போதுமானதாக இருந்தது. 2025 இறுதியில் அதற்கு 2 ரூபாய் 80 காசுக்கு மேல் கொடுக்க வேண்டியிருந்தது. அதாவது அங்கே ஒரு பொருளின் விலையும் ஏறாமலே, உங்களைப் போல் ரூபாயில் சேமித்தவருக்குச் செலவு ஆண்டுக்குச் சுமார் நாலரை சதவீதம் கூடிக்கொண்டே வந்திருக்கிறது. 50,000 பாட் என்பது 2.80 கணக்கில் மாதம் 1.40 லட்சம் ரூபாய். இப்போது சென்னையில் நீங்கள் செலவழிப்பதைப் போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. ரூபாய் இதே வேகத்தில் சரிந்தால் பத்தாண்டுகளில் அதே 50,000 பாட்டுக்கு 2.17 லட்சம் தேவைப்படும்.

வீட்டையும் விற்றுவிட்டால், வரி போக உங்கள் கையில் ஏறத்தாழ 2.60 கோடி இருக்கும். அதற்கு வரிக்குப் பின் 6.5 சதவீத வருவாய் கிடைக்கிறது என்றும், அங்குள்ள விலைவாசிக்கு ஒரு சதவீதம் சேர்த்து உங்கள் செலவு ஆண்டுக்கு 5.5 சதவீதம் உயர்கிறது என்றும் வைத்துக் கணக்கிட்டேன். முழுத் தொகையும் சுமார் 17 ஆண்டுகளில் கரைந்துவிடுகிறது. அப்போது உங்களுக்கு 78 வயது, உங்கள் மனைவிக்கு 74. திரும்பி வந்தால் சொந்த வீடும் இருக்காது, மடிப்பாக்கத்தில் அன்றைய விலைக்கு ஒன்றை வாங்கப் பணமும் இருக்காது. இந்தக் கணக்கில் பெரிய மருத்துவச் செலவு எதையும் நான் சேர்க்கவில்லை.

விசாவுக்கும் பணம் முடங்கும். 50 வயதைக் கடந்தவர்களுக்கான ஓய்வுக்கால விசாவுக்கு வங்கியில் 8 லட்சம் பாட் இருப்பு காட்ட வேண்டும், அல்லது மாதம் 65,000 பாட் வருமானம் காட்ட வேண்டும். உங்களுக்கு முதல் வழிதான் பொருந்தும். அங்கேயே ஆண்டுதோறும் நீட்டிக்கும்போது, விண்ணப்பத்துக்கு இரண்டு மாதம் முன்பிருந்து நீட்டிப்பு கிடைத்து மூன்று மாதம் வரை அந்த 8 லட்சம் தாய்லாந்து வங்கியில் கிடக்க வேண்டும். மற்ற மாதங்களிலும் இருப்பு 4 லட்சத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. அந்த 8 லட்சம் பாட், நம் கணக்கில் 22.4 லட்சம் ரூபாய், பெயரளவு வட்டிக்கு முடங்கும். ஓய்வுக்கால விசாவிலேயே ஓ-ஏ என்ற வகைக்கு 30 லட்சம் பாட் மருத்துவக் காப்பீடும் கேட்கிறார்கள். அறுபதைக் கடந்தவருக்கு அதன் பிரீமியம் லேசானதல்ல. 90 நாளுக்கு ஒருமுறை முகவரியைக் குடிவரவு அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது தொல்லைதான், ஆனால் செலவில்லாத தொல்லை. மனைவி உங்களைச் சார்ந்தவராக விண்ணப்பித்தால் திருமணப் பதிவுச் சான்றிதழ் தேவைப்படும். உங்கள் தலைமுறையில் பலரிடம் மண்டபத்தில் எடுத்த ஆல்பம் இருக்கும், சான்றிதழ் இருக்காது. இல்லையென்றால் அதை முதலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்த 22.4 லட்சத்தை அனுப்புவதில் ஒரு நுணுக்கம் உண்டு. இந்தியக் குடியிருப்பாளர் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2.5 லட்சம் டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். அந்த உச்சவரம்பு உங்களுக்குத் தாராளம். ஆனால் 10 லட்சம் ரூபாயைத் தாண்டும் தொகைக்கு வங்கி 20 சதவீதம் டிசிஎஸ் என்னும் வரியை முன்கூட்டியே வசூலிக்கும். ஒரே மூச்சில் அனுப்பினால் 2.48 லட்சம் ரூபாய் கூடுதலாகக் கட்ட நேரும். கணக்குத் தாக்கல் செய்தால் அது திரும்பக் கிடைக்கும் என்றாலும், அதுவரை உங்கள் பணம் உங்களிடம் இருக்காது. மார்ச்சில் ஒரு பகுதி, ஏப்ரலில் ஒரு பகுதி என்று பிரித்து அனுப்பினால் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம்.

இனி வரி. வேலைக்காக அல்லாமல் குடியேறும் உங்களுக்கு, கிளம்பும் நிதியாண்டில் இந்தியாவில் 60 நாள் இருந்தாலே, முந்தைய ஆண்டுகளில் இங்கே வாழ்ந்த காரணத்தால், குடியிருப்பாளர் நிலை பெரும்பாலும் தொடரும். அதற்கடுத்த ஆண்டில்தான் நிலை மாறும். குடியிருப்பாளராக இருக்கும்வரை, புதிய வரி முறையில் உங்கள் வைப்பு வட்டியான ஏறத்தாழ 7.7 லட்சத்துக்கு, 12 லட்சம் வரையான தள்ளுபடியால் வரியே இல்லை. அந்தத் தள்ளுபடி குடியிருப்பாளர் அல்லாதவருக்குக் கிடையாது. அவர் செலுத்த வேண்டிய வரி என்னவோ சுமார் 19,000 ரூபாய்தான். ஆனால், குடியிருப்பாளர் அல்லாதவருக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்றப்பட்ட வைப்புகளின் வட்டியில் வங்கி 31.2 சதவீதம், அதாவது 2.40 லட்சம் ரூபாயைப் பிடித்துக்கொள்ளும். மீதியைத் திரும்பப் பெற ஒவ்வோர் ஆண்டும் காத்திருக்க வேண்டும். மாதச் செலவையே வட்டியில் நடத்தப் போகிறவருக்கு இது சிறிய இடைஞ்சல் அல்ல.

வீட்டு விற்பனையில் வேறுபாடு இன்னும் பெரிது. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீட்டை விற்கும் குடியிருப்பாளர், வாங்கிய விலையைப் பணவீக்கக் குறியீட்டின்படி உயர்த்தி லாபத்தைக் கணக்கிட்டு 20 சதவீத அளவில் வரி செலுத்தலாம். அல்லது குறியீடு இல்லாமல் 12.5 சதவீதம் செலுத்தலாம். எது குறைவோ அதுவே போதும். 2025-26 குறியீட்டின்படி உங்கள் 22 லட்சம் ஏறத்தாழ 67.8 லட்சமாகும், வரி 5.44 லட்சம். குடியிருப்பாளர் அல்லாதவர் ஆனபின் விற்றால் இந்தத் தெரிவு இல்லை. 73 லட்சம் லாபத்துக்கு 9.12 லட்சம். மேல்வரிகளைச் சேர்க்காமலே 3.7 லட்சம் வித்தியாசம். போதாக்குறைக்கு, உங்களிடமிருந்து வாங்குபவர் இப்போதென்றால் ஒரு சதவீதம், 95,000 ரூபாய், டிடிஎஸ் என்னும் வரிப் பிடித்தம் செய்வார். நிலை மாறியபின் என்றால், குறைந்த பிடித்தத்துக்கான சான்றிதழை வரித்துறையிடம் முன்கூட்டியே நீங்கள் வாங்கி வைக்காவிட்டால், நடைமுறையில் முழு விலைக்கும் கணக்கிட்டு ஏறத்தாழ 13.5 லட்சத்தைப் பிடித்துவிடுவார். ஆகவே என்றேனும் விற்பது உறுதியானால், நிலை மாறும் முன் விற்க வேண்டும்.

தாய்லாந்திலும் வரி உண்டு. ஓர் ஆண்டில் 180 நாள் அங்கே இருப்பவர், 2024 முதல் ஈட்டிய வெளிநாட்டு வருமானத்தை உள்ளே கொண்டுவந்தால் அது வரிக்கு உட்பட்டது. அதற்கு முந்தைய சேமிப்புக்கு அது பொருந்தாது. எனவே 2023 டிசம்பர் 31 நிலவரப்படியான வங்கி, ஃபண்ட் அறிக்கைகளை இன்றே எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. அங்கே அடுக்குமாடி வீடு வாங்கும் யோசனை இருந்தால் வேண்டாம். ஒரு கட்டடத்தின் பரப்பில் 49 சதவீதம் வரை வெளிநாட்டவர் வாங்கலாம், நிலம் வாங்க முடியாது என்பது சட்டம். அது ஒருபுறம் இருக்க, பிடிக்காத ஊரில் வாடகை வீட்டைக் காலி செய்வது போல் சொந்த வீட்டைக் காலி செய்ய முடியாது.

என் பரிந்துரை, ஆண்டுக்கு மூன்று மாதம். 60 நாள் சுற்றுலா விசாவை 1,900 பாட் கட்டி 30 நாள் நீட்டித்துக்கொள்ளும் வழி இருக்கிறது. கிளம்பும் முன் அன்றைய விதியைச் சென்னையிலுள்ள தாய்லாந்துத் துணைத் தூதரகத்தில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். மூன்று மாதத்துக்கு 1.5 லட்சம் பாட், அதாவது 4.2 லட்சம் ரூபாய். மீதி ஒன்பது மாதம் சென்னையில் 4.5 லட்சம், ஆக 8.7 லட்சமும் விமானக் கட்டணமும். வட்டி 7.7 லட்சம் போக எஞ்சும் பற்றாக்குறையை மியூச்சுவல் ஃபண்டிலிருந்து எடுத்தால் 60 லட்சத்துக்கு அது சுமையே இல்லை. வீடு இருக்கும், குடியிருப்பாளர் நிலை இருக்கும், டிசிஎஸ் வராது, 22 லட்சம் முடங்காது. இங்குள்ள மருத்துவக் காப்பீட்டை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். அறுபதுக்கு மேல் புதிதாக எடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மூன்றாண்டு வரை காத்திருக்க நேரலாம். அங்கே தங்கும் நாட்களுக்குப் பயணக் காப்பீட்டைத் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் இருமுறை சென்றது எந்த மாதங்களில் என்று எழுதவில்லை. ஜனவரியாக இருக்கும் என்பது என் ஊகம். அங்கே மழை வலுக்கும் அக்டோபரை உள்ளடக்கி, விடுதியில் அல்லாமல் வாடகை வீட்டில் தங்கி, சமையலும் மின்கட்டணமும் மருந்துக்கடையும் உட்பட எல்லாவற்றையும் ரூபாயில் எழுதி வாருங்கள். இரண்டு ஆண்டுகள் அப்படிச் செய்தபின், வீட்டைப் பற்றிய கேள்வியை அந்த நோட்டுப் புத்தகத்துடன் மீண்டும் அனுப்புங்கள்.