ஜோத்பூரில் கூலர் ஓடியும் புழுக்கம்

கூலருக்கு எதிர்ப்பக்கத்து ஜன்னலைச் சாணளவு திறந்து வையுங்கள். சென்னையிலிருந்து ஜோத்பூருக்குக் குடிவந்த பின், கூலர் இரவெல்லாம் ஓடியும் படுக்கை பிசுபிசுக்கிறது என்று நீங்கள் எழுதியதற்கு அதுவே முதல் மருந்து.

ஏசிக்காகக் கதவடைத்துப் பழகிய நாம் கூலருக்கும் அப்படியே செய்துவிடுகிறோம் (என் முதல் கோடையும் அப்படித்தான் கழிந்தது). கூலர் நீரை ஆவியாக்கிக் காற்றைக் குளிர்விப்பதால், அந்த ஈரக்காற்று வெளியேற வழியில்லாதபோது அறைக்குள்ளேயே தேங்கி, மே மாதப் பாலைவனத்திலும் நம் கடற்கரை வியர்வையைக் கொண்டுவந்துவிடுகிறது.

திறந்த ஜன்னலருகே ஒரு தாள் துண்டைப் பிடித்துப் பாருங்கள். அது வெளிப்பக்கமாகச் சாய வேண்டும். சாயாவிட்டால், கூலரின் பின்புறம் வெளிக்காற்றை இழுக்கிறதா என்றும், அதன் பக்கங்களில் நீரில் நனையும் தட்டிகளில் உப்பு வெள்ளையாகப் படிந்திருக்கிறதா என்றும் கவனியுங்கள்.

ஜூலையில் மழைக்காற்று வந்தபின் வெளிக்காற்றே ஈரமாகிவிடுவதால், ஜன்னலைத் திறப்பது அவ்வளவாகப் பலிக்காது.