நர்சுகளுக்கு ஆன்மிகப் பராமரிப்புப் பயிற்சி என்றால் ஜெபம், பூஜை சொல்லித் தருவார்களா?

இல்லை. நோயாளி பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்கத்தான் சொல்லித் தருகிறார்கள்.

தீராத நோயில் வரும் வலியில் உடம்போடு மனம், குடும்பம், நம்பிக்கை எல்லாம் கலந்திருக்கிறது என்று வலியுறுத்தியவர் சிசிலி சாண்டர்ஸ். முதலில் நர்சாக இருந்து, அப்புறம் டாக்டரானவர். 1967-ல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸை, அதாவது தீராத நோயாளிகளைக் கடைசிவரை பராமரிக்கும் இல்லத்தை, தொடங்கினார்.

பயிற்சிகளில் பரவலாகச் சொல்லித் தரப்படுவது, அமெரிக்க டாக்டர் கிறிஸ்டினா புச்சால்ஸ்கி 1996-ல் சகாக்களோடு உருவாக்கிய ‘ஃபிகா’ முறை. உங்களுக்குத் தெம்பு தருவது எது, சிகிச்சை முடிவுகளில் அதற்கு எவ்வளவு இடம், துணைக்கு யார் இருக்கிறார்கள், நாங்கள் என்ன செய்யட்டும் என்று நாலு விஷயம் கேட்பார்கள். படிவம் நிரப்புவதுபோல் கேட்டால் வீண் என்பது என் கருத்து. கடவுள் நம்பிக்கை இல்லாதவரிடமும் இதையே கேட்கலாம்.

ராத்திரி டியூட்டியில் ஒருவர், “எனக்கு ஏன் சிஸ்டர் இப்படி?” என்கிறார். “எல்லாம் சரியாயிடும்” என்று சொல்லிக்கொண்டே டிரிப்ஸைச் சரிசெய்வதுதான் நம் வழக்கம். அதோடு பேச்சு முடிந்தது. பயிற்சியில் இதை நடித்துப் பழகுவார்கள்: நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார், “எதை நினைச்சு ரொம்பக் கஷ்டமா இருக்கு?” என்று கேள், அவர் பேசும்வரை சும்மா இரு. இந்தச் சும்மா இருப்பதுதான் பலருக்கும் வருவதில்லை!

ஆபரேஷனுக்கு முன் தாலியையோ மந்திரித்த கயிற்றையோ கழற்றும்போது, யாரிடம் கொடுக்கட்டும் என்று கேட்பதும் இதில் சேர்த்திதான். நர்ஸ் தன் மதத்தைத் திணிக்கக் கூடாது. தன்னால் முடியாததை மதகுருவிடமோ மனநல ஆலோசகரிடமோ ஒப்படைக்க வேண்டும்.