பாதித் தூக்கத்தோடு இ.இ.ஜி. எடுக்கச் சொல்வது ஏன்?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். மகளுக்கு 15 வயது. சில மாதமாகக் காலையில் பல் தேய்க்கும்போது கை வெடுக்கென்று உதறி பிரஷ் விழுந்துவிடுகிறது. போன வாரம் வலிப்பே வந்துவிட்டது. முந்தின இரவு தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு வந்து இ.இ.ஜி. (மூளையின் மின் அலைகளைப் பதியும் சோதனை) எடுக்க வேண்டும், அங்கே தூங்கவும் வேண்டும் என்கிறார் நரம்பியல் டாக்டர். தூங்கும்போது மூளை ஓய்வில்தானே இருக்கும், அதில் என்ன தெரியும்? எப்படித் தயார் செய்வது?

பதில்: தூக்கத்தில் மூளை ஓய்ந்துவிடுவதில்லை. மூளையின் மேலடுக்கான பெருமூளைப் புறணியில் உள்ள நியூரான்கள் (நரம்பு செல்கள்) ஆழ்ந்த தூக்கத்திலும் ஏறக்குறைய விழிப்பில் துடிக்கும் அளவுக்கே துடிக்கின்றன. பெரிதாக மாறுவது துடிக்கும் ஒழுங்கு. டாக்டர் தேடுவது அந்த மாற்றத்தின்போதுதான் கண்ணில் படும்.

சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட்டில் ஆயிரம் பேர் ஆளுக்கொன்று பேசினால் வெளியே கேட்பது வெறும் இரைச்சல். அதே ஆயிரம் பேர் தேர் வடம் பிடித்து ஒரே மூச்சில் குரல் கொடுத்தால் தெருக்கோடி வரை கேட்கும். தலைமேல் ஒட்டும் மின்முனையும் அப்படித்தான். ஒற்றை நியூரானின் துடிப்பு அதற்கு எட்டாது. லட்சக்கணக்கானவை சேர்ந்து ஏறி இறங்கினால்தான் அலை பதியும். விழித்திருக்கும்போது ஒவ்வொன்றும் தன் வேலையைத் தனியே பார்ப்பதால் அலைகள் சிறியவை, வேகமானவை. கண்ணை மூடினால் பின்தலையில் நொடிக்கு 8 முதல் 13 வரையிலான ஆல்பா அலை தோன்றும், திறந்தால் அடங்கும். 1929-இல் முதல் மனித இ.இ.ஜி. கட்டுரையை வெளியிட்ட ஜெர்மன் மருத்துவர் ஹான்ஸ் பெர்கரின் காலத்திலிருந்தே தெரிந்த விஷயம் இது.

தூக்கம் வரும்போது மூளையின் நடுவில் உள்ள தாலமஸில் ஒரு திருப்பம் நடக்கிறது. விழிப்பில் மூளைத்தண்டிலிருந்து வரும் அசிட்டைல்கோலின், நார்அட்ரினலின் என்ற ரசாயனங்கள் தாலமஸ் நியூரான்களைத் தயார் நிலையில் வைத்திருக்கும். அவை ஒவ்வொன்றாக, சீராகத் துடித்துச் செய்தியைப் புறணிக்கு அனுப்பும். அந்த வரத்து குறைந்ததும் செல்லின் மின்னழுத்தம் கீழே இறங்குகிறது. ஏறக்குறைய மைனஸ் 70 மில்லிவோல்ட்டுக்குக் கீழே போனால், அதுவரை பூட்டிக் கிடந்த ஒருவகைக் கால்சியம் வாயில்கள் திறக்கத் தயாராகிவிடும். அதன்பின் சிறு தூண்டல் வந்தாலும் நாலைந்து துடிப்புகள் சரவெடி போல ஒரே கொத்தாக வெடிக்கும், பிறகு அமைதி, மறுபடி கொத்து. இந்தத் தாளம் புறணியைத் தொற்றும்போது நொடிக்கு 11 முதல் 16 வரையிலான ‘ஸ்பிண்டில்’ அலைகள் பதிவில் தெரியும். இன்னும் ஆழத்தில் புறணி நியூரான்கள் சேர்ந்தே துடித்து, சில நூறு மில்லி நொடிகள் சேர்ந்தே மௌனமாகும். அதுதான் பெரிய டெல்டா அலை.

வலிப்புக்கு இடம் கொடுக்கும் வலைப்பின்னலுக்கு இந்தக் கூட்டுத் தாளம் வசதியானது. விழிப்பில் அடங்கிக் கிடக்கும் ஸ்பைக் அலைகள் (வலிப்பு நோயைக் காட்டும் கூர்மையான அலைகள்), அரைத்தூக்கத்திலும் இரண்டாம் கட்டத் தூக்கத்திலும் எழும்பும். கனவுத் தூக்கத்தில் நியூரான்கள் திரும்பத் தனித்தனியாகப் பிரிவதால் அவை பெரும்பாலும் அடங்கிவிடும். தூக்கம் குறைந்தால் ஸ்பைக் எழும்பும் வாய்ப்பு கூடும், ஆய்வகத்தில் சீக்கிரம் தூங்கவும் முடியும். ஆக ஒரு கல்லில் இரண்டு காரியம்.

உங்கள் மகளுக்குக் காலையில் கை உதறுவதால் இன்னொன்றும் முக்கியம். இந்த வயதில் வரும் ஒருவகை வலிப்பில் தூங்கி எழுந்த உடனேதான் ஸ்பைக்குகள் அதிகம். எழுந்தபின் சில நிமிடம் பதிவைத் தொடர முடியுமா என்று டெக்னீஷியனிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

முந்தின நாள் ஷாம்பூ போட்டுத் தலைக்குக் குளிக்க வைத்து நன்றாகக் காயவிடுங்கள். எண்ணெய், கண்டிஷனர் கூடவே கூடாது. எண்ணெய்ப் படலம் இருந்தால் பேஸ்ட் தோலில் ஒட்டாது. மின்தடை 5 கிலோ ஓமுக்கு மேல் ஏறி, சுவர் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் பதிவை மூடிவிடும். பூ, ஹேர்பின், தோடு வேண்டாம். இந்த வயதினரை வழக்கமாக இரவு 12 மணிக்குப் படுக்கவிட்டு 4 மணிக்கு எழுப்பச் சொல்வார்கள்; உங்கள் சீட்டில் வேறு நேரம் இருந்தால் அதுவே கணக்கு. முந்தின நாள் மதியத்திலிருந்து காபி, டீ, கோலா நிறுத்துங்கள். குடித்த கஃபீனில் பாதி கழியவே 5 மணி நேரம் பிடிக்கும்.

ரத்தப் பரிசோதனை என்று நினைத்து வெறும் வயிற்றில் கூட்டிப் போகிறவர்கள் நிறைய. அது தவறு. சர்க்கரை இறங்கினால் அலைகள் தாமாகவே மந்தமாகும். இட்லியோ தோசையோ சாப்பிட்டே போகட்டும். மாத்திரை ஏதாவது தொடங்கியிருந்தால் டாக்டர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். ஓசூர் சாலை நெரிசலில் ஆட்டோ ஊரும்போதுதான் பிள்ளைகள் கண்ணயர்வார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டே போங்கள். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார வைக்கவே வேண்டாம்.

தூக்கக் குறைவே வலிப்பைத் தூண்டலாம் என்பதால் அன்றிரவு அவளோடு ஒருவர் இருக்க வேண்டும். வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், மணியைப் பாருங்கள். கையில் சாவிக்கொத்தோ இரும்போ கொடுப்பதால் எந்தப் பலனும் இல்லை. வாயில் எதையும் திணிக்கக் கூடாது. 5 நிமிடம் தாண்டினால் 108-ஐ அழையுங்கள்.

ஆய்வகத்தில் 3 நிமிடம் வேகமாக மூச்சு வாங்கச் சொல்வார்கள், விளக்கை மின்னவிடுவார்கள், பிறகு தூங்கவிடுவார்கள். வலி எதுவும் இல்லை.

ரிப்போர்ட்டில் ‘நார்மல்’ என்று வந்தால் வலிப்பு இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். வலிப்பு உள்ளவர்களிலும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு முதல் பதிவில் எதுவும் அகப்படாது. நேர்மாறான தவறும் நடக்கிறது: உறங்கத் தொடங்கும்போது உச்சந்தலையில் வரும் கூர்மையான ‘வெர்டெக்ஸ்’ அலைகள் பதின்வயதில் உயரமாகவே இருக்கும், அவற்றை ஸ்பைக் என்று குறித்துவிடுவதுண்டு. வேகமாக மூச்சு வாங்கும்போது வரும் மந்த அலைகளும் இந்த வயதுக்கு இயல்பானவைதான். அதனால் ரிப்போர்ட்டை மட்டும் பார்த்து மருந்து தொடங்குவதில்லை. நேரில் பார்த்த விவரமே முதல் சாட்சி. அந்த உதறல் ஒரு நொடிகூட நீடிக்காது. வந்த பிறகு செல்போனைத் தேடினால் கிடைக்காது. நாளைக் காலை பிரஷை எடுக்கும்போதே, இரண்டு கையும் முகமும் தெரியும்படி வீடியோவை ஓடவிடுங்கள்.