அம்மம்மாவின் முதல் வாக்கு

அன்புள்ள ஐயா,

சர்வசன வாக்குரிமை பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். என் அம்மம்மா 1910இல் யாழ்ப்பாணத்து வடமராட்சியில் பிறந்தவர். "என்ர முதல் வோட்டைப் பச்சைப் பெட்டிக்குள்ள போட்டனான்" என்று அடிக்கடி சொல்லுவா. அவவைப் பற்றி எழுதும் குறிப்பில் அதை 1931 தேர்தல் என்று போட்டிருக்கிறேன். சரிதானே? பச்சைப் பெட்டி என்பதும் விளங்கவில்லை.

ஒரு வாசகி, டொரண்டோ

அன்பின் தங்கைக்கு,

1931ஆக இருக்க முடியாது. ஆங்கிலேயர் ஆட்சியில் இலங்கைக்கு 1931இல் வந்த அரசியலமைப்பான டொனமூர் யாப்பு 21 வயது வந்த ஆண், பெண் எல்லோருக்கும் வாக்குத் தந்தது உண்மை. ஆனால் அது பூரண சுயாட்சி தரவில்லை என்று யாழ்ப்பாண வாலிப காங்கிரஸ் பகிஷ்கரிப்புக்கு அழைத்தது. யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் ஒருவர்கூட வேட்புமனுக் கொடுக்கவில்லை. 1934 இடைத்தேர்தலில்தான் அந்த ஆசனங்கள் நிரம்பின. மன்னார்-முல்லைத்தீவில் 1931இல் தோற்ற ஜி. ஜி. பொன்னம்பலம் பருத்தித்துறையிலிருந்து அன்றைய சட்டமன்றமான அரசாங்க சபைக்குப் போனது அப்போதுதான். உங்கள் அம்மம்மா வாக்குப் போட்டதும் அந்தத் தேர்தலில்தான் இருக்க வேண்டும்.

பெட்டி விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. அந்நாளில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறம், அந்த நிறத்தில் தனிப் பெட்டி. சீட்டை வாங்கிக்கொண்டு மறைப்புக்குள் போய், விரும்பிய நிறப் பெட்டிக்குள் போடவேண்டியதுதான். எழுத்தறியாதவரும் யாரிடமும் கேட்காமல் வாக்களிக்கலாம்.

வாலிப காங்கிரஸை நடத்திய ஹண்டி பேரின்பநாயகமும் தோழர்களும் நேர்மையானவர்கள். சாதிக் கொடுமையை எதிர்த்தவர்கள். அவர்கள்மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. என்றாலும் அந்தப் பகிஷ்கரிப்பை என்னால் ஏற்க முடியவில்லை. அதற்கு முன் வாக்கு, சொத்தும் படிப்பும் உள்ள ஆண்களுக்கு மட்டும் இருந்தது. மூன்று வருடம் காத்திருந்தவர்கள் அதுவரை வாக்கே காணாத பெண்களும் ஒடுக்கப்பட்ட சாதியினரும். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. 1932இல் கொழும்பு வடக்கு இடைத்தேர்தலில் நேசம் சரவணமுத்து என்ற பெண் வென்று சபைக்குள் போய்விட்டார். அன்றைக்கு யாழ்ப்பாணக் குடாநாட்டுப் பெண் ஒருத்திகூட வாக்குச் சீட்டைக் கையில் தொட்டிருக்கவில்லை.

குறிப்பில் ஆண்டை 1934 என்று மாற்றுங்கள். அப்போது அவவுக்கு 24 வயது. அவ சொன்ன வசனத்தை அவவின் பேச்சிலேயே விடுங்கள்.