பழைய கதிரைக்குப் புது இருக்கை: கேள்வி பதில்

வீட்டில் கிடக்கும் பழைய கதிரை, செற்றிகளுக்குத் தாங்களே துணி மாற்ற விரும்புகிறவர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். முதலே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். துணி கடைசி வேலை. மரச்சட்டம், அதன்மேல் இருக்கையைத் தாங்கும் பட்டி அல்லது பலகை, அதன்மேல் ஃபோம், பிறகுதான் துணி. கீழே பிழை இருந்தால் மேலே எவ்வளவு விலையான துணி போட்டாலும் இருக்கை குழிந்துதான் போகும்.

கொக்குவிலில் இருந்து ஓர் அக்கா: சாப்பாட்டு மேசைக் கதிரைகள் ஆறு, முன்னறைச் செற்றி ஒன்று, எல்லாம் கிழிந்து கிடக்கின்றன. ஊசி நூல் தவிர வேறு பழக்கமில்லை. எதில் தொடங்குவது?

சாப்பாட்டு மேசைக் கதிரையில் தொடங்குங்கள் அக்கா. அதன் இருக்கை பெரும்பாலும் தனிப் பலகை. கதிரையைக் கவிழ்த்துப் பார்த்தால் மூலைக்கொன்றாய் நான்கு ஸ்குரூ தெரியும். கழற்றினால் இருக்கை அப்படியே கையோடு வந்துவிடும். தையல் தேவையே இல்லை. கழற்றும்போது கதிரைக்கும் அதன் பலகைக்கும் ஒரே இலக்கத்தைப் பென்சிலால் எழுதிவிடுங்கள். கையால் செய்த கதிரைகளில் ஒன்றின் பலகை மற்றதற்குச் சரியாகப் பொருந்தாது.

பழைய துணியைக் கிழித்தெறிய வேண்டாம். தட்டையான ஸ்குரூ டிரைவரால் ஆணிகளை நெம்பி, குறட்டால் இழுத்து, துணியை முழுதாக எடுங்கள். அதுதான் உங்கள் அளவு. தூசி நிறைய வரும், முகக்கவசம் போடுங்கள்.

துணிக் கணக்கு இப்படி: 18 அங்குலச் சதுர இருக்கை, 2 அங்குல ஃபோம் என்றால், ஃபோமின் தடிப்பு, பலகையின் தடிப்பு, அடியில் மடித்துப் பிடிக்க 2 அங்குலம் எல்லாம் சேர்த்து ஒரு பக்கத்துக்கு நாலரை அங்குலம் கூட வேண்டும். ஆக 27 அங்குலச் சதுரம். குசன் துணி வழக்கமாக 54 அங்குல அகலம், குறுக்கே இரண்டு இருக்கை வரும். ஆறு கதிரைக்கு 81 அங்குலம், அதாவது இரண்டேகால் யார். இரண்டரை யாராக வாங்குங்கள். பெரிய பூ, கட்டம் போட்ட துணி என்றால் படம் நடுவில் வரவேண்டும், அதற்கு இன்னும் கூட வேண்டும். முதல் தடவைக்கு வெறும் நிறத் துணியே நல்லது.

அடிக்கும் ஒழுங்கும் முக்கியம். துணியைக் கவிழ்த்து விரித்து, மேலே ஃபோம், அதன்மேல் பலகை. முன்பக்க நடுவில் ஆணி அல்லது ஸ்டேப்ளர் பின் ஒன்று அடியுங்கள். பின்பக்க நடுவை இழுத்து ஒன்று. பிறகு இரு பக்கங்களின் நடு. ஒருதரம் திருப்பிப் பார்த்து, நூலோட்டம் நேராக இருந்தால் நடுவில் இருந்து மூலையை நோக்கி இரண்டு விரல் இடைவெளியில் அடித்துக்கொண்டு போங்கள். மூலை கடைசி. ஒரே பக்கத்தை முழுதாக அடித்துவிட்டு மற்றப் பக்கத்துக்குப் போனால் துணி கட்டாயம் கோணும்.

மானிப்பாய்த் தம்பி ஒருவர்: செற்றியில் இருந்தால் நடுவில் தாழ்கிறது. ஃபோம் மாற்றினால் காணும் என்கிறார்கள். சரிதானா?

ஃபோம் வாங்கமுன் செற்றியைக் கவிழ்த்து அடித்துணியைத் திறந்து பாருங்கள் தம்பி. அனேகமாகப் பட்டிதான் தளர்ந்திருக்கும். கடையில் வெபிங் என்று கேட்டால் 2 அங்குலச் சணல் பட்டி தருவார்கள். பட்டியின் நுனியில் ஓர் அங்குலம் மிச்சம் விட்டு மூன்று ஆணி, மிச்சத்தை மேலே மடித்து இன்னும் இரண்டு ஆணி. மறுமுனையை ஒரு மரக்கட்டையில் சுற்றி, கட்டையைச் சட்டத்தில் ஊன்றி நெம்பி இழுத்து, அதேபோல அடியுங்கள். கையால் மட்டும் இழுத்தால் இறுக்கம் காணாது. நெடுக்கே எல்லாம் அடித்த பிறகு, குறுக்குப் பட்டிகளை நாடாக் கட்டில் பின்னுவதுபோல ஒன்றின் மேலும் அடுத்ததன் கீழுமாக விட்டு அடிக்க வேண்டும். தட்டினால் கிண்ணென்று சத்தம் வரவேண்டும்.

உள்ளே சுருள் சுருளாக ஸ்பிரிங் நிற்குமானால் நிறுத்திவிடுங்கள். அவற்றை எட்டுத் திசையிலும் கயிற்றால் கட்டி மட்டம் பார்ப்பது தனித் தொழில். செற்றி தைக்கிற ஒருவரிடம் அந்தப் பகுதியை மட்டும் கொடுத்து, துணியை நீங்கள் போடலாம்.

சுன்னாகம்: ஃபோம் நல்லதா இல்லையா என்று கடையில் எப்படிக் கண்டுபிடிப்பது?

அழுத்திப் பார்த்துச் சொல்ல ஏலாது. அடர்த்தி வேறு, கடினம் வேறு. கடினமான ஃபோமும் அடர்த்தி குறைந்ததாக இருந்தால் விரைவில் அமுங்கிப்போகும். தராசில் வையுங்கள். 20 அங்குலச் சதுரம், 4 அங்குலத் தடிப்புள்ள துண்டு, கன மீற்றருக்கு 32 கிலோ அடர்த்தி என்றால் ஏறக்குறைய 840 கிராம் இருக்கும். 420 கிராம்தான் நிற்கிறது என்றால் அது 16 அடர்த்தி. முதுகுக்குப் பரவாயில்லை, இருக்கைக்கு வேண்டாம். வெட்டும்போது பலகையை விடக் கால் அங்குலம் பெரிதாக வெட்டினால் துணி இறுக்கமாக நிற்கும்.

நெல்லியடியில் இருந்து ஓர் அம்மா: சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடு. துடைக்க லேசாக றெக்சின் போடலாமா?

போடலாம் அம்மா, ஆனால் நம்முடைய வெக்கைக்கு நான் விரும்புவதில்லை. சித்திரை மாதத்தில் முதுகு ஒட்டும். மலிவான றெக்சின் வெயிலும் ஈரமும் பட்டு உரிந்து, உடுப்பெல்லாம் துகளாகும். தடித்த பருத்தித் துணியில் ஸிப் வைத்த உறை தைத்தால் கழற்றித் தோய்க்கலாம். தைக்கமுன் துணியை ஒருதரம் நனைத்துக் காயவிடுங்கள், சுருங்குவது அப்போதே சுருங்கட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம். ஈரத்தோடு மூடிய இருக்கைக்குள் பூஞ்சணம் பிடித்தால் மணம் போகாது.

சாவகச்சேரி: அப்பாவின் சாய்மனைக் கதிரையில் பிரம்பு தொய்ந்துவிட்டது. மேலே ஃபோம் வைத்துத் துணி அடிக்கலாம் என்று நினைக்கிறேன்.

தயவுசெய்து வேண்டாம். அந்தக் கதிரையின் அருமையே பின்னலுக்குள்ளால் வரும் காற்றுத்தான். சட்டத்தில் ஆணி அடித்துவிட்டால், பிறகு பிரம்பு போட நினைத்தாலும் மரம் ஓட்டையும் வெடிப்புமாக இருக்கும்.

இழை அறுந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அறாமல் தொய்வு மட்டும் என்றால், வெந்நீரில் நனைத்த துணியை அடிப்பக்கமாக அரைமணி நேரம் போட்டு வையுங்கள். மேல்பக்கம் மினுக்கமானது, தண்ணீர் குடிக்காது. அடிப்பக்கம் குடிக்கும். பிறகு நிழலில் ஒரு நாள் யாரும் இருக்காமல் காயவிட்டால் பிரம்பு சுருங்கி இறுகும். பெரும்பாலும் இதுவே காணும்.

அறுந்திருந்தால் சட்டத்தின் ஓரத்தைப் பாருங்கள். சுற்றிவர ஓட்டைகள் இருந்தால் அது கையால் பின்னியது: நெடுக்கு இரண்டு, குறுக்கு இரண்டு, மூலைவிட்டம் இரண்டு. பொறுமை இருந்தால் பழகலாம், நாள் பிடிக்கும். ஓட்டைக்குப் பதிலாகக் காடி (நீளப் பள்ளம்) ஓடியிருந்தால், பின்னிய பிரம்புத் தாளை ஊறவைத்து, காடிக்குள் பசை விட்டு, தாளை மர ஆப்பால் அழுத்தி, மேலே பிரம்புக் கம்பி வைத்து இறுக்குவார்கள். இது தொடக்கக்காரர் செய்யக்கூடியது. தாள் ஈரமாக இருக்கும்போது அதிகம் இழுக்க வேண்டாம், காயும்போது தானே இறுகும்.

கோண்டாவில்: சட்டம் ஆடுகிறது. காலடியில் மாப்போல் தூளும் கொட்டுகிறது.

தூள் கொட்டினால் உளு, அதாவது மரத்தைத் துளைக்கும் பூச்சி, இன்னும் உள்ளே இருக்கிறது. துணியை எல்லாம் எடுத்து, ஓட்டைகளுக்குள் மரப்பூச்சி மருந்தை ஊசியால் ஏற்றி, சில வாரம் தள்ளி வையுங்கள். தரையில் கறுப்புத் தாள் விரித்தால் புதுத் தூள் விழுகிறதா என்று தெரியும். ஆட்டத்துக்கு ஆணி அடிக்காதீர்கள். ஆடுகிற மூட்டு இணைப்பைக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, புதுப் பசை விட்டு, கயிற்றைச் சுற்றித் தடி ஒன்றை நுழைத்து முறுக்கி, ஒரு நாள் விடுங்கள்.

அரியாலை: 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வின்போது விட்டுப்போய், திரும்பி வந்தபோது இருந்த முதிரை மரக் கதிரை. கைப்பிடியில் செல் (எறிகணை) துண்டு ஏறியிருக்கிறது. எடுக்கவேண்டுமா? மற்றது, ஸ்டேப்ளர் பின் இதில் ஏறுதே இல்லை.

சீவுளி, அரம் எதையும் வைக்கமுன் காந்தத்தால் தடவிப் பாருங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் துண்டு கையைக் கிழிக்கும், அதை எடுக்கத்தான் வேண்டும். ஆழத்தில் இறுகி இருந்தால் விட்டுவிடலாம், மரம் அதனால் பழுதாகாது. தழும்பை மூடுவதா விடுவதா என்பது உங்கள் வீட்டார் பேசி முடிவெடுக்க வேண்டியது. மூடுவதானால் அதே மரத்தின் அரத்தூளைப் பசையில் குழைத்து நிரப்புங்கள்.

முதிரை மிகக் கடினம், கை ஸ்டேப்ளருக்கு அசையாது. மெல்லிய துளை போட்டு, தலை அகன்ற அரை அங்குல ஆணி அடியுங்கள். துளையில்லாமல் அடித்தால் வெடிக்கும். பழைய ஆணித் துளைகள் நெருக்கமாக இருந்தால் பசையில் தோய்த்த நெருப்புக்குச்சியை அவற்றில் இறுக்கிவிட்டு, சற்றுத் தள்ளிப் புதிதாக அடியுங்கள்.

திருநெல்வேலி: கழற்றிய பழைய ஃபோம், றெக்சின், தும்பு எல்லாவற்றையும் என்ன செய்வது? வளவுக்குள் கொளுத்தலாமா?

தும்பை மரத்தடியில் போடலாம், ஈரத்தைப் பிடித்து வைக்கும். மூட்டைப்பூச்சி இருந்திருந்தால் மட்டும் அதையும் பையில் கட்டி வெளியேற்றுங்கள். ஃபோமையும் றெக்சினையும் கொளுத்தவே கூடாது. ஃபோம் எரிந்தால் சயனைட் வாயு வரும், றெக்சினில் இருந்து அமில வாயு. பக்கத்து வீட்டுக் குழந்தையும் அந்தப் புகையைத்தான் சுவாசிக்கும். கட்டி வைத்துக் குப்பை எடுக்க வருகிறவர்களிடம் கொடுங்கள். சுத்தமான ஃபோம் துண்டு மிஞ்சினால் சிறிதாக வெட்டித் தலையணைக்குள் நிரப்பலாம்.