பார்ன் வீடு பிளான்: லாஃப்ட் கணக்கைப் பாத்துட்டு காசு கட்டுங்க

டெக்சாஸ்ல டல்லாஸுக்குத் தெக்கே 2 ஏக்கர் வாங்கின ஒருத்தர் கேட்டிருக்கார்: "நாங்க ரெண்டு பேர், ஒரு பையன். அப்பா அம்மா ஊர்லேந்து வந்தா ஆறு மாசம் இருப்பாங்க. 24க்கு 36 அடி பார்ன் மாடல், அதாவது வைக்கோல் கொட்டகை மாதிரி வீட்டு பிளான் பாத்தேன், கீழ ஒரு பெட்ரூம், மேல கூரைக்கு அடில இருக்கிற லாஃப்ட் தளத்துல ரெண்டு. வாங்கலாமா?"

அவசரப்படாதீங்க சார். ஃப்ளோர் பிளானை ஓரமா வச்சுட்டு செக்‌ஷன் டிராயிங் கேளுங்க, அதாவது வீட்டைக் குறுக்கால வெட்டினா எப்படித் தெரியும்ங்கிற படம். நீங்க அனுப்பினதுல கூரைச் சரிவு 12க்கு 8, அதாவது 12 அடி தள்ளிப் போனா 8 அடி ஏறும், ஓரச் சுவர் லாஃப்ட் தரையோடயே நின்னுடுது. அப்போ அகலத்துல பாதி 12 அடி, உச்சில உயரம் 8 அடி, ஓரத்துக்குப் போகப் போக இறங்கி, 7 அடி உயரம் கிடைக்கிறது நடுவுல வெறும் 3 அடி அகலத்துக்குத்தான், அதுலயும் கூரைக்கட்டை இன்சுலேஷன் கனம் கழிச்சா தலை இடிக்காம நிக்கவே இடம் தேறாது. இதுக்குப் பேரு பெட்ரூமாம்! அங்க பொதுவா எடுத்துக்கிற ஐஆர்சிங்கிற வீடு கட்டுற விதித்தொகுப்புப்படி ரூமுக்கு 70 சதுர அடியாவது வேணும், அதுல பாதிக்காவது 7 அடி உயரம் வேணும், 5 அடிக்குக் குறைஞ்ச இடம் கணக்குலயே வராது.

ஓரச் சுவரை லாஃப்ட் தரைக்கு மேல 4 அடி தூக்கினா அந்த 3 அடி 15 அடி ஆயிடும். இல்லன்னா கேம்பிரல், பக்கத்துக்கு ரெண்டு மடிப்பா இறங்குற பழைய பார்ன் கூரை, மேல வைக்கோல் நிறைய அடைக்கத் தோதான வடிவம் அது.

ஆனா உங்க வீட்டுக்கு நான் லாஃப்டே வேணாம்னுதான் சொல்லுவேன். கீழ இருக்கிற ஒரே ரூமை அப்பா அம்மாவுக்குக் குடுத்துட்டு நீங்க மூணு பேரும் மேல ஏறணும், லாஃப்ட் கிச்சனைப் பாத்துத் திறந்தே இருக்கு, இங்க கடுகு வெடிச்சா அங்க பையன் தும்முவான். 30க்கு 40ல ஒரே தளமா போங்க, 1200 சதுர அடி, கூரை டிரஸ், அதாவது கூரையைத் தாங்குற முக்கோணச் சட்டம், வெளிச் சுவர்லயே உக்காந்துக்கும், உள்சுவரை எங்க வேணா வச்சுக்கலாம், மூணு சின்ன பெட்ரூம் வரும். அடுப்புக்கு மேல இருக்கிற ஹூட் இழுக்கிற காத்து வெளிய போகணும், தகரக் கூரைன்னா அடில நீர் கோக்காம ஃபோம் அடிக்கணும்.

இன்னொண்ணு, அந்தப் பக்கம் கரிசல் மண்ணு நிறைய, மழைல உப்பும், வெயில்ல சுருங்கி வெடிக்கும், பிளான்ல போட்டிருக்கிற ஸ்லாப்பை, அதாவது அடில போடுற கான்கிரீட் தளத்தை, அப்படியே ஊத்திடாதீங்க, மொதல்ல மண் டெஸ்ட் எடுங்க, அந்த ரிப்போர்ட்டை வச்சு உள்ளூர் இன்ஜினியர் அஸ்திவாரம் போட்டுக் குடுக்கட்டும்.